பால் இறக்க மேலாடை, வகை அ

என் தம்பி கல்யாணத்துக்கு நான் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் லாடோ. லாடோ எங்கள் வீட்டு எருமை. வீட்டில் முடிவெடுக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கெஞ்சலாம், அவர்கள் முன் அழலாம், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்க்கலாம். லாடோவிடம் அதெல்லாம் செல்லாது.

முதல் ஈற்றில் கன்று செத்தபோது தொடங்கியது இது. அன்றிலிருந்து அவள் என் ஒருத்தியின் கைக்குத்தான் பாலை இறக்குகிறாள். வேறு யார் உட்கார்ந்தாலும் உதைப்பதில்லை, கொம்பை ஆட்டுவதில்லை, நகர்வதுகூட இல்லை. மடி நிறையப் பாலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். சாப்பாட்டு நேரத்தில் வங்கிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் அப்போது அவளுக்கு வந்துவிடும். என் வீட்டுக்காரர் காம்பை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து எழுந்தால் வாளியின் அடி மட்டும் நனைந்திருக்கும்.

அதனால் பால் இருக்கும் மாதங்களில் பிறந்த வீட்டில் ஓர் இரவுகூட நான் தங்கியதில்லை. கல்யாணங்களும் சாவுகளும் ஏனோ அந்த மாதங்களில்தான் வருகின்றன. அப்பாவுக்கு வயிற்றில் அறுவை நடந்தபோது காலைப் பாலைக் கறந்துவிட்டு ஹான்சி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். அவர் கண் திறப்பதற்குள் மாலைப் பாலுக்கு நேரமாகிவிட்டது.

இதில் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. கிணற்றடியில் யாராவது, "ராஜ்பதி இல்லன்னா அந்த எருமை ஒரு சொட்டுக் குடுக்காது" என்று சொல்லும்போது எனக்குள் ஏதோ ஒன்று முதுகை நிமிர்த்தி உட்காரும். எனக்குப் பதில் யாரும் ரொட்டி தட்டலாம், துணி துவைக்கலாம், வறட்டி அடுக்கலாம். நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் காரியம் இந்த வீட்டில் இது ஒன்றுதான். என்னைக் கட்டிப்போட்ட கயிற்றை நானே அவ்வப்போது தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடுகு விதைப்பு முடிந்த வாரம் தம்பி சுமேர் போன் செய்தான்.

"தேதி வச்சாச்சு அக்கா. அஞ்சு நாளைக்கு முன்னாடியே வந்துரணும்."

"லாடோ இருக்காளேடா."

"மாப்பிள்ளை குதிரை ஏறும்போது அக்கா தங்கச்சிதான் ஆரத்தி எடுக்கணும். எனக்கு இருக்கறது நீ ஒருத்தி. நீ வரலன்னா யாரு எடுப்பா, உன் எருமையா?"

"அவளும் எடுக்க மாட்டா. நான் பக்கத்துல இருந்தாத்தான் எதுவும் செய்வா."

அவன் சிரிக்கவில்லை. "எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

வழி இல்லாமல் இல்லை. கறக்கிறவள் முக்காடாகப் போடும் ஓட்னியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால், எருமை ஏமாந்தோ ஏமாந்தது போல நடித்தோ பாலை இறக்கிவிடும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெரு ராம்பல் தன் மனைவி பிரசவத்துக்குப் போன ஒரு வாரம் அப்படித்தான் கறந்தார். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறான். ராம்பலை இன்னமும் ஹூக்காவைச் சுற்றி உட்காரும் ஆண்கள், "வாங்க அண்ணி, ஒரு இழுப்பு இழுங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"என்னை அண்ணின்னு கூப்பிட வைக்கப் பாக்கறியா?" என்றார் என் வீட்டுக்காரர் ஓம்வீர்.

"அஞ்சே நாள்."

"ராம்பல் ஏழு நாள்தான் போட்டான்."

இன்னொரு வழி, பாலை இறக்கும் ஊசி. அது தடை செய்யப்பட்டது. எங்கள் சந்தை ரோட்டில் 'எருமைப் பால் இறக்க மேலாண்மை மையம்' என்று ஓர் அரசுக் கட்டடம் உண்டு. அதன் வாசலில், 'ஊசி வேண்டாம், அன்பு போதும்' என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையின் நிழலில் இருக்கும் கடையில் ஊசி கிடைக்கும். ஊசி போட்டுப் போட்டு மாடு வெறும் குழாயாகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கடையைத் தாண்டி உள்ளே போனேன்.

மையத்தின் தலைவர் டாக்டர் இந்தர்ஜித் பூனியா. அவர் மேசையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பொம்மை எருமை இருந்தது. அது சுத்தமாக இருந்தது.

"எருமை யார் பேர்ல இருக்கு?"

"வீட்டுக்காரர் பேர்ல, சாஹிப்."

"அப்ப பிரச்சினையும் அவர் பேர்லதான் வரணும்."

மறுநாள் வீட்டுக்காரரை அழைத்துப் போனேன். பிரச்சினைக்கு உரிமையாளர் என்ற முறையில் அவருக்கு நாற்காலி கொடுத்தார்கள்.

"பால் வருதா, வரலையா?"

"இவ கறந்தா வருது சாஹிப். நான் கறந்தா வரல."

"அப்ப எருமைக்கு ஒண்ணுமில்ல. கோளாறு உங்ககிட்ட" என்று சொல்லி, 'கறப்பவர் கோளாறு' என்று எழுதினார். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. பொம்மை எருமை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னேன்: "சாஹிப், நான் அஞ்சு நாள் என் ஊருக்குப் போகணும். அவ்வளவுதான்."

"தங்கச்சி, 'ஊருக்குப் போறது'ன்னு மையத்துல ஒரு தலைப்பு கிடையாது. தீவனம் இருக்கு, சினை இருக்கு, மடிநோய் இருக்கு. இதுல ஏதாவது ஒண்ணுல வந்து நில்லுங்க, உதவி செய்யறோம்." பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்: "முப்பது வருஷமா எருமையிலயே இருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு எருமைகூட என்னைப் பத்திப் புகார் குடுத்ததில்ல."

"உங்க வீட்டுலயும் எருமை இருக்கா சாஹிப்?" என்று வீட்டுக்காரர் மரியாதைக்குக் கேட்டார்.

"நாங்க பாக்கெட் பால். அதுல பிரச்சினையே இல்ல."

வீட்டுக்காரரை நடத்தை மாற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ரப்பர் மடி ஒன்று கம்பியில் தொங்கியது. அதில் கறந்து அவர் முதலிடம் வாங்கினார். சான்றிதழைச் சட்டம் போட்டுத் தொழுவத்தில், லாடோவின் கண்ணுக்கு நேராக மாட்டினார். அன்று மாலையும் மடி பூட்டியே இருந்தது.

என் மாமியார் கட்டிலில் இருந்தபடி சொன்னார்: "ரப்பர்ல கறந்து பரிசு வாங்கிட்டான் என் புள்ள. அந்த ரப்பர் பாலுல ஒரு டீ போடு மருமகளே."

பயிற்சி பெற்றவர் தோற்றதால் எங்கள் வழக்கு அடுத்த கட்டத்துக்கு உயர்ந்தது. மையத்தின் கள ஆய்வாளர் தயாசந்த் வந்து சேர்ந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை. அதனால் எங்கள் வழக்கப்படி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை, நேராக என் குரலையும் கேட்டதில்லை. நான் அவரிடம் மாமியார் வழியாகத்தான் பேசுவேன்.

அவர் டெம்போவிலிருந்து ஒரு கன்றை இறக்கினார். ஃபைபரில் செய்த கன்று. தாய்மை தூண்டும் மாதிரி என்று அதற்குப் பெயர். காதில் மஞ்சள் வில்லை, கழுத்தில் எண். உடம்பு வெள்ளை, அதில் கறுப்புத் திட்டுகள். வெளிநாட்டுப் பசுவின் கன்று.

"எருமைக்கு இந்த நிறத்துல கன்னு பிறந்தா, அது வீட்டுக்குள்ள பேசித் தீக்க வேண்டிய விஷயம்ல?" என்றார் மாமியார்.

"டெண்டர்ல அப்படித்தான் இருந்துச்சு சித்தி. எருமைக்கு நிறம் முக்கியமில்ல, உணர்வுதான் முக்கியம்."

லாடோ அதை மோந்து பார்த்தாள். வெகு நேரம் யோசித்தாள். பிறகு திரும்பி நின்று அதன் தலை மேல் பெய்தாள்.

தயாசந்த் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "கன்றின் மீது திரவ வெளிப்பாடு. தாய்மை உணர்வு தொடக்கம்."

"அது மூத்திரம்னு சொல்லுங்க" என்று நான் மாமியார் காதில் சொன்னேன்.

"அது மூத்திரமாம்" என்றார் மாமியார்.

"திரவம்னா திரவம்தான் சித்தி. வகை பிரிக்கற அதிகாரம் எனக்கு இல்ல."

"ஏண்டா, இதுக்கெல்லாம் பேசாம அந்த ராம்பல் மாதிரி இவ ஓட்னியை அவன் தலையில போட்டுட்டா முடிஞ்சு போச்சு. உங்கப்பனும் அப்படித்தானே கறந்தான்?"

தயாசந்தின் பேனா நின்றது. ஒரு கணம் அவர் முகத்தில் அவர் அப்பாவின் தொழுவம் வந்து போனதை முக்காட்டுக்குள்ளிருந்தே நான் பார்த்தேன். பிறகு பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த வாரம் ஊர் சாவடியில் கூட்டம் போட்டு டாக்டர் பூனியா அறிவித்தார்: "உடை சார்ந்த பால் இறக்க நெறிமுறை. நம்ம மையம் உலகத்துக்குக் குடுக்கற கொடை. சில பேர் கேப்பீங்க, இது பழைய வழக்கம்தானேன்னு. எங்க அப்பாவே எங்கம்மா ஓட்னியைப் போட்டுட்டுத்தான் கறப்பாரு. அப்ப அது மூடநம்பிக்கை. இப்ப அதுக்கு ஒரு எண் குடுத்திருக்கோம்."

ஆண்கள் கை தட்டினார்கள். ராம்பல் மட்டும் தட்டவில்லை. முன்னோடி என்று தன்னையாவது மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

ஓட்னிகள் மூட்டை மூட்டையாக வந்தன. உறையின் மேல், 'பால் இறக்க மேலாடை, வகை அ' என்று அச்சிட்டிருந்தது. பளீரென்ற மஞ்சள், ஓரத்தில் மையத்தின் முத்திரை. கூடவே கையுறை ஒரு ஜோடி, ரப்பர் காலணி ஒரு ஜோடி. மனைவியின் பழைய துணியைப் பயன்படுத்தக் கூடாது. அது சுகாதாரக் கேடு. மேலாடையை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியில் நனைத்தே அணிய வேண்டும் என்று உறையின் பின்பக்கம் எச்சரித்தது.

அன்று மாலை எங்கள் தெருவில் மீசை வைத்த மஞ்சள் முக்காடுகள் வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருந்தன. யாரும் யாரையும் அண்ணி என்று கூப்பிடவில்லை. இது திட்டம் அல்லவா.

என் வீட்டுக்காரர் கண்ணாடி முன் நின்று ஓட்னியைச் சரி செய்தார். மடிப்புக் கலையாமல் நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாளைக்கு, தம்பி கல்யாணத்துக்கு, தொழுவத்தின் இருட்டு மூலையில் போடச் சொல்லி நான் கெஞ்சிய துணி. நான் கேட்டபோது அது அவமானமாக இருந்தது. இப்போது கேட்கிறவர்தான் மாறியிருக்கிறார், முக்காடு மாறவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபம் இல்லை. அடுப்படியில் பாத்திரம் நழுவிக் கீழே விழுவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்குமே, அது மாதிரி ஒன்று.

"எப்படி இருக்கு?" என்றார்.

"உங்க அம்மா மாதிரி இருக்கீங்க."

லாடோவுக்கு அந்த மஞ்சளும் மருந்து நெடியும் பிடிக்கவில்லை. முளையை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டாள். தெரு முழுக்க இதே கதை. மறுநாள் தயாசந்த் வந்து ஆராய்ந்து, எருமைக்கு மேலாடை பழகவில்லை என்று கண்டுபிடித்தார். பழக்குவதற்காக, வழக்கமாகக் கறப்பவள் அதைப் போட்டுக்கொண்டு கறக்க வேண்டும் என்று மாமியார் வழியாக எனக்கு உத்தரவு வந்தது.

போட்டுக்கொண்டேன். லாடோவின் விலாவில் எப்போதும் போல நெற்றியைச் சாய்த்தேன். காலையும் மாலையும் அங்கேதான் என் முகம் யாருக்கும் ஒளியாமல் இருக்கும். அவள் தோல் சிலிர்த்து விலகியது. காம்பைத் தொட்டேன். தளர்ந்த தோல். "நான்தான்டீ" என்றேன். அவள் தலையைத் திருப்பவில்லை. மாலையும் அப்படியே. இரண்டாம் நாள் மடி கல்லாகி, தொட்டால் கொதித்தது. மடிநோய் வந்தால் ஒரு காம்பாவது போய்விடும். நான் அந்த மஞ்சளை எடுத்து வீசிவிட்டு, கொடியில் கிடந்த என் பழைய ஊதா ஓட்னியைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் இறங்கியது. வாளிக்குள் சத்தம் கேட்ட பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அவள் மேல் எனக்கு வருத்தமும் இருந்தது. இரண்டு நாள் நான் அவளுக்கு யாரோவாகிவிட்டேன்.

தயாசந்த் தன் அறிக்கையில், 'எருமை மேலாடையைத் தீவிரமாக உணர்கிறது' என்று எழுதியிருந்தார்.

இதற்குள் திட்டத்தைத் தொடங்கி வைக்கக் கால்நடைத் துறை ஆணையர் வருவதாக ஏற்பாடாகிவிட்டது. தேதி மூன்று முறை மாறியது. கடைசியாக வந்து நின்ற தேதி, என் தம்பி குதிரை ஏறும் தேதி. மேடையில் நேரடியாகக் கறந்து காட்டத் தேர்வானவர், ரப்பர் மடியில் முதலிடம் பெற்ற என் வீட்டுக்காரர்.

விழாவுக்கு முந்தின மாலை தயாசந்த் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். டாக்டர் பூனியாவும் கூட வந்திருந்தார். அவருக்கு லஸ்ஸி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஆணையர் முன்னால எருமை இறக்கலன்னா மையம் போச்சு" என்றார் பூனியா. "தயாசந்த் ஒரு யோசனை சொல்றார். அறிவியல்ல இதுக்கு மாற்று ஏற்பாடுன்னு பேரு."

தயாசந்த் மாமியாரைப் பார்த்து எனக்குச் சொன்னார்: "மருமகளை மேடைக்கு வரச் சொல்லுங்க சித்தி. முக்காடு, கையுறை, காலணி எல்லாம் போட்டா யாருக்கு என்ன தெரியும்? உள்ள அவ பழைய ஓட்னி, வெளிய நம்ம மேலாடை. ஓம்வீர் தீவன வண்டிக்குள்ள படுத்துக்கட்டும். மைக்குல நாங்க ஓம்வீர்னு சொல்லிக்கறோம்."

மாமியார் வாய் திறந்து யோசித்தார். "அதாவது, இவ மாதிரி வேஷம் போட்ட அவன் மாதிரி, இவ வேஷம் போடணும்."

"அதேதான்."

"அவ அவளாவே வந்து கறந்தா என்னடா?"

"அதுல புதுமை என்ன இருக்கு சித்தி? பொம்பளை கறக்கறதைப் பாக்கவா ஆணையர் வர்றாரு?" என்றார் பூனியா.

எனக்கு அன்று ஆரத்தி இருப்பதை மாமியார் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அவர் என் பக்கம் நின்றதை எழுதாமல் விட்டால் பாவம். பூனியா யோசித்துவிட்டு, "கல்யாணம் வருஷா வருஷம் வரும். ஆணையர் ஒரு தடவைதான் வருவார்" என்றார். போகும்போது லஸ்ஸியைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் விடியலுக்கு எழுந்து காலைப் பாலைக் கறந்தேன். குளித்தேன். பையில் துணி எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டா நான் மேடையில அசிங்கப்பட்டுப் போவேன்."

கொடியிலிருந்து ஊதா ஓட்னியை எடுத்தேன். பல நாள் வியர்வையும் பாலும் சாணியும் புகையும் ஏறிய துணி. அவர் மடியில் வைத்தேன்.

"இதை உள்ள போட்டுக்கங்க."

"இது உன்னோட அழுக்கு ஓட்னி."

"ஆமா."

"நாலு பேர் பாத்தா?"

"மேல அரசாங்கத்தோடது இருக்கே. அது எல்லாத்தையும் மறைக்கும்."

அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்த மாதிரிகூட இருந்தது. "தயாசந்த் நீதான் வருவேன்னு நினைச்சிட்டிருப்பானே" என்றார்.

"நினைச்சிக்கட்டும். அவர் என் முகத்தை எப்பப் பாத்தாரு?"

நான் பஸ் ஏறிவிட்டேன். ஊர் எல்லை தாண்டும்வரை யாராவது ஓடி வந்து நிறுத்துவார்கள் என்று கழுத்து பின்னாலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் தம்பி குதிரை ஏறினான். நான் ஆரத்தி எடுத்தேன். மூன்றாவது சுற்றில் தட்டின் சுடர் அவன் முகத்தருகே போய்விட்டது. "அக்கா, மீசையைப் பொசுக்கிராத" என்றான். அவன் கண்ணைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று அவன் தலைப்பாகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆண்கள் எல்லோரும் பெண் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள்.

ஆண்கள் போனதும் பெண்கள் கதவைத் தாழிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் மிஞ்சும் பெண்கள் ஆண் வேஷம் கட்டிக் கூத்தடிக்கும் மாலை அது. சித்தி மகள் எனக்கு அடுப்புக் கரியில் மீசை வரைந்தாள். அப்பாவின் கோட்டை மாட்டிவிட்டார்கள். காலையிலிருந்து தலையில் கிடந்த ஓட்னியை எடுத்து, தலைப்பாகையைச் சுற்றினார்கள். நான் உட்காரும் பிரம்பு மோடா ஒன்றின் மேல் ஏறி நின்று, "முப்பது வருஷமா எருமையிலயே இருக்கேன்" என்று தொடங்கியதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். திரவ வெளிப்பாட்டுக்கு வந்தபோது ஒரு பெரியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் போன் அடித்தது. மீசையோடு கொல்லைப்புறம் போனேன்.

"இறங்கிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வாளி வழிய வழிய. பந்தல் முழுக்கக் கை தட்டல். பூனியா மைக்குல, 'பாருங்க, இந்த வீர ஆண் மகனைப் பாருங்க'ன்னு கத்தறாரு. தயாசந்த் எங்கிட்டக் குனிஞ்சு முக்காட்டுக்குள்ள சொல்றான், 'சபாஷ் மருமகளே, வாயைத் திறந்துராத, அப்படியே பின்பக்கமாப் போயிரு.' வாழ்க்கையில முதல் தடவையா உங்கிட்ட நேராப் பேசியிருக்கான், அதுவும் எங்கிட்ட."

"அப்புறம்?"

"ஆணையர் போட்டோ எடுக்கணும், முகத்தைக் காட்டச் சொல்லுங்கன்னாரு. பூனியா குறுக்க வந்து விழுந்துட்டாரு. 'வேண்டாம் சார், எங்க பண்பாட்டுல முக்காட்டை விலக்கக் கூடாது'ன்னு. ஆணையர் கேக்கறாரு, 'ஆம்பளைக்குமா?' எனக்கு உள்ள புழுக்கம் தாங்கல. நானே எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு?"

"என்னைப் பாத்ததும் பூனியா மைக்கைக் கீழ போட்டுட்டாரு. தயாசந்த் ஓடிப் போயி தீவன வண்டிக்குள்ள பாக்கறான். வைக்கோலைக் கிளறிப் பாக்கறான்."

அந்தப் பந்தலில் அத்தனை பேரும் ஓர் ஆண் முகத்தைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திட்டம் பலித்ததைக் கண்டு அதிர்ந்து போனவர்கள் அதை வகுத்தவர்கள் மட்டும்தான்.

"இப்ப எனக்கு நோட்டீஸ் வந்திருக்கு" என்றார்.

"எதுக்கு?"

"முன் அனுமதி இல்லாம நானே கறந்ததுக்கு. அப்புறம் அங்கீகாரம் இல்லாத துணியால இறங்கின பாலாம். திட்டத்துல சேத்துக்க முடியாதாம்."

"பாலை என்ன பண்ணினாங்க?"

"டீ போட்டுக் குடிச்சிட்டாங்க."

உள்ளே பெண்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்தும் கேட்டேன்.

"அவ திரும்பிப் பாத்தாளா?"

"யாரு?"

"லாடோ."

"ஒரு தடவை ஓட்னியை மோந்தா. அப்புறம் பருத்திக்கொட்டையைத் தின்ன ஆரம்பிச்சிட்டா."

கிணற்றடியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த அது, எனக்குள் மெல்லத் தலை குனிந்தது. நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் காரியம் இனி ஒன்றுகூட இல்லை. அது வலித்தது. அவள் பிடித்து வைத்திருந்தது என்னையல்ல, கொடியில் கிடந்த ஒரு துணியை. அதை ஒருவர் தலையில் போட ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அப்பா கண் திறந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் அழ இடம் வேண்டும். அவர் தொழுவத்திலும் நான் கொல்லையிலும் நின்றுகொண்டிருந்தோம்.

"கேட்டியா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அதுல உன் வாசனை ரெண்டு நாள்தான் தாங்கும் போல இருக்கு. இப்பவே என் வாசனை ஏறிடுச்சு. எப்ப வர்ற?"

வாசலில் இருந்து ஒருத்தி, "டாக்டர் சாஹிப், கூட்டம் காத்துட்டிருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலைல முதல் பஸ் கண்டக்டர்கிட்ட வேற ஒண்ணு குடுத்தனுப்பறேன்" என்றேன். "ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்கங்க."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். காலையிலிருந்து சமையல்கட்டிலும் கூட்டத்திலும் நான் போட்டு வியர்த்த ஓட்னி கட்டிலில் கிடந்தது. அதை உதறாமல், துவைக்காமல், மடித்துப் பையில் வைத்தேன். பிறகு தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு மோடாவின் மேல் ஏறினேன்.